எளிமையின் அளவுகோல்: இளங்கற்போருக்கான ஆங்கிலச் சொற்பொருள் விளக்கமும் பழவேற்காட்டு ஏரிக்கரைச் சொல்லுலகும்

ஆய்வுச் சுருக்கம்

அன்றாட ஆங்கிலச் சொற்களை எளிய ஆங்கிலச் சொற்களாலேயே விளக்கும் முறை, 20ஆம் நூற்றாண்டு அகராதிக்கலையின் பெரும் பேறுகளுள் ஒன்று. இளங்கற்போருக்கான அகராதிகளும் பாடநூல்களின் அருஞ்சொற்பொருள் பகுதிகளும் இன்று இம்முறையையே பின்பற்றுகின்றன. ஒரு சொல் ஆங்கில நூல்களில் எத்தனை முறை வருகிறது என்பதே இம்முறையில் எளிமையின் முதன்மை அளவு. பழவேற்காடு ஏரியின் கரையிலுள்ள சுண்ணாம்புக்குளம் போன்ற மீனவ ஊர்களின் மாணவருக்கு அவ்வளவு எவ்வளவு பொருந்தும் என்பதைத் தொல்காப்பிய உரியியல் கருத்துகளின் துணைகொண்டு இக்கட்டுரை மதிப்பிடுகிறது. விளக்கத்தின் எளிமை, விளக்கும் சொற்களுக்கும் கற்போர் அறிந்த பொருள்களுக்கும் இடையிலான உறவில் அமைகிறது என்பது இதன் முடிபு.

திறவுச்சொற்கள்: சொற்பொருள் விளக்கம், கற்போர் அகராதி, உரியியல், பழவேற்காடு, இருமொழிக் கல்வி.

முன்னுரை

சுண்ணாம்புக்குளம், திருவள்ளூர் மாவட்டம் கும்மிடிப்பூண்டி வட்டத்தில் பழவேற்காடு ஏரியை ஒட்டி அமைந்த ஊர். ஆந்திர எல்லையை அடுத்த இப்பகுதியில் தமிழுடன் தெலுங்கும் புழங்குகிறது. சிலிக்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர்ப் பரப்பு பழவேற்காடு ஏரி. அதன் பெரும்பகுதி ஆந்திரத்திலும் தென்பகுதி தமிழ்நாட்டிலும் உள்ளன. இவ்வேரியை நம்பி வாழும் ஊர்களில் மீனும் இறாலும் நண்டும் வாழ்வாதாரம். வலையும் படகும் வீட்டுப் பொருள்கள்.

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ஆங்கிலம் முதல் வகுப்பிலிருந்தே பாடமாக உள்ளது. அரசுப் பள்ளிகளில் 2012–13ஆம் கல்வியாண்டு முதல் ஆங்கிலவழிப் பிரிவுகளும் தொடங்கப்பெற்றன. ஆங்கிலவழியில் பயிலும் மாணவருக்குச் சுற்றுச்சூழல், அறிவியல், சமூக அறிவியல் ஆகியனவும் ஆங்கிலச் சொற்களின் வழியாகவே அறிமுகமாகின்றன. ஆகவே ஓர் ஆங்கிலச் சொல்லுக்குத் தரப்படும் ஒருவரி விளக்கம், மொழிப்பாடத்தோடு நின்றுவிடுவதில்லை. மாணவர் தம்மைச் சூழ்ந்த பொருள்களைப் பள்ளியின் அறிவோடு இணைக்கும் முதற்கண்ணியாகவும் அது அமைகிறது. அக்கண்ணி தவறாக அமைந்தால் சொல் மட்டும் பிழைபடுவதில்லை. மாணவர் முன்பே அறிந்திருந்ததும் ஐயத்துக்கு உள்ளாகிறது.

எளிய விளக்கம்: வரலாறும் அளவும்

சாமுவேல் ஜான்சனின் ஆங்கில அகராதி 1755இல் வெளிவந்தது. வலைப்பின்னலைக் குறிக்கும் 'நெட்வொர்க்' என்னும் சொல்லுக்கு அவர் தந்த விளக்கம், அச்சொல்லினும் பன்மடங்கு கடினமான இலத்தீன்வழிச் சொற்களால் ஆனது. அகராதி வரலாற்றில் இன்றும் நகைப்புடன் சுட்டப்படும் எடுத்துக்காட்டு அது. எளிய பொருளை அதனினும் எளிய சொல்லால் விளக்குதல் எப்போதும் இயலாது என்பதை ஜான்சனும் தம் முன்னுரையில் உணர்ந்தே எழுதியுள்ளார். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டோருக்கு இஃது இடையூறன்று. பிறமொழியாளருக்கு இது பெருந்தடை.

இத்தடையை நீக்க முயன்றவர்களுள் முதன்மையானவர் மைக்கேல் வெஸ்ட். அவர் வங்கத்தில் கல்விப்பணியாற்றியவர். டாக்கா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். ஜேம்ஸ் எண்டிகாட்டுடன் இணைந்து 1935இல் அவர் வெளியிட்ட அகராதி, ஏறத்தாழ 24,000 சொற்களையும் தொடர்களையும் 1,490 சொற்களால் ஆன வரம்புக்குள் விளக்கியது. 1953இல் அவருடைய பொதுப் பயன்பாட்டுச் சொற்பட்டியல் வெளிவந்தது. 1978இல் வெளிவந்த லாங்மன் அகராதி ஏறத்தாழ 2,000 சொற்களை விளக்கச் சொற்களாக வரையறுத்துக்கொண்டது. ஜான் சின்கிளேர் தலைமையில் பர்மிங்காமில் உருவாகி 1987இல் வெளிவந்த கோபில்ட் அகராதி, சொல்லை முழுத்தொடரில் வைத்து விளக்கும் முறையைக் கொண்டுவந்தது.

இம்முயற்சிகளின் பயன் மறுக்கத்தக்கதன்று. விளக்கத்தில் வரும் சொல்லை அறிய மற்றொரு பக்கத்தைப் புரட்டி, அங்குள்ள சொல்லை அறிய மீண்டும் வேறொரு பக்கத்தைப் புரட்டும் அலைச்சலிலிருந்து அவை கற்போரை மீட்டன. இந்திய வகுப்பறை ஒன்றில் எழுந்த தேவை இம்முறைக்கு ஒரு தொடக்கமாக அமைந்தது என்பதும் நினைவுகூரத்தக்கது.

எனினும் எளிமையை அளந்த கோல் எது என்பது தனியே ஆராயத்தக்கது. கற்றற்கு எளிமை, தேவை முதலியனவும் கருதப்பட்டபோதிலும், எழுதப்பட்ட ஆங்கிலத்தில் சொற்கள் வரும் எண்ணிக்கையே பொதுப் பயன்பாட்டுச் சொற்பட்டியலின் அடித்தளம். உறைபனியைக் குறிக்கும் 'ஸ்னோ' அப்பட்டியலில் இடம்பெற்றது. நண்டைக் குறிக்கும் 'க்ராப்' இடம்பெறவில்லை. இங்கிலாந்துச் சிறுவருக்கு இவ்வரிசை இயல்பானது. பழவேற்காட்டுச் சிறுவருக்கு நண்டு நாள்தோறும் காணும் பொருள். உறைபனியோ படத்தில் மட்டுமே காணக்கூடியது. பட்டியலின் பார்வையில் எளிய சொல் எனப்படுவது அவருக்கு அரிய பொருளாகவும், அரிய சொல் எனப்படுவது அவருக்குக் கைப்பழகிய பொருளாகவும் உள்ளன.

உரியியல் தரும் அளவுகோல்

சொற்பொருளை விளக்குவது எவ்வாறு என்னும் வினாவைத் தமிழ் இலக்கணம் தொல்காப்பியத்திலேயே எழுப்பிக்கொண்டது. சொல்லதிகாரத்து உரியியல், பலரும் அறியாத உரிச்சொற்களுக்குப் பொருள் கூறும் இயல். அப்பணியின் ஊடே அது கூறும் நான்கு கருத்துகள் இங்குக் கருதத்தக்கன. வெளிப்படையாகப் பொருள் விளங்கும் சொற்களுக்கு விளக்கம் வேண்டுவதில்லை; வெளிப்படாதவற்றுக்கே வேண்டும் என்பது ஒன்று. பயிலாத சொல்லைப் பயின்ற சொல்லோடு சார்த்தி உணர்த்த வேண்டும் என்பது மற்றொன்று. ஒரு பொருளுக்குப் பொருள், அப்பொருளுக்கும் பொருள் எனக் கூறிக்கொண்டே சென்றால் அதற்கு எல்லையில்லை என்பது மூன்றாவது. உணர்த்த வல்லவர் உணர்த்தினாலும் உணர்வதற்கான வாயில் உணர்வோரின் ஆற்றலைப் பொறுத்தது என்பது நான்காவது. சொல்லால் விளங்காதபோது தொடர்மொழி கூறியும், பொருளையே நேரிற் காட்டியும் உணர்த்தலாம் என உரைமரபு இக்கருத்தை விரிக்கிறது.

மூன்றாம் கருத்து, விளக்கச் சொற்களுக்கு வரம்பு கட்டிய வெஸ்டின் முயற்சியோடு ஒத்துச்செல்கிறது. முதலும் இரண்டும் நான்கும் அம்முயற்சியில் விடுபட்டதைக் காட்டுகின்றன. 'பயின்றது' என்பது யாரால் பயிலப்பட்டது என்னும் வினாவுக்குச் சொற்பட்டியல் ஒரே விடையைத் தருகிறது. உரியியலோ அவ்விடையை உணர்வோரிடத்தே விட்டுவைக்கிறது. இவ்வளவுகோலின்படி, ஏரிக்கரை மாணவர் எதிர்கொள்ளும் அன்றாட ஆங்கிலச் சொற்களை மூவகையாகப் பகுக்கலாம்.

பொருள் அறிந்த, பெயர் அறியாத சொற்கள்

வலையைக் குறிக்கும் 'நெட்' என்னும் சொல்லைச் சிறுவர் அகராதிகள் பொதுவாக, இடையிடையே திறப்புகள் அமைய நூலாலோ கயிற்றாலோ பின்னிய பொருள் என்னும் கருத்துப்பட விளக்குகின்றன. வலையைக் கண்டறியாதவருக்கு இவ்விளக்கம் போதும். பழவேற்காட்டு மீனவர் குடும்பத்துச் சிறுவருக்கோ வலை என்பது ஒரு பொருளன்று. சுத்து வலை, வீச்சு வலை, செவுள் வலை எனக் கண்ணளவாலும் பயன்பாட்டாலும் வேறுபட்ட கருவிகளின் தொகுப்பு அது. அவருக்குத் தேவைப்படுவது 'நெட்' என்னும் பெயர் மட்டுமே. அதற்கு மேல் தரப்படும் விளக்கம் அவர் அறிவில் எதனையும் கூட்டுவதில்லை. தெரிந்த பொருளைத் தெரியாத சொற்களுக்குள் மறைத்துவைக்கிறது. உரியியலின் முதற்கருத்து இங்கு முழுமையாகப் பொருந்துகிறது.

'க்ராப்', 'ப்ரான்', 'ஃபிஷ்' முதலியனவும் இவ்வகையினவே. மடவை, கொடுவா, கிழங்கான் எனப் பெயர் வேறுபடுத்தி அறிந்த ஒருவருக்கு, நீரில் வாழ்ந்து செவுளால் மூச்சுவிடும் உயிரி என்னும் விளக்கம் மீனை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 'செவுள்' என்பதற்குரிய ஆங்கிலச் சொல்லைக் கற்பிக்க வேண்டுமானால், மீனைக் காட்டிச் செவுளைச் சுட்டுவதே நேர்வழி. மீனால் செவுளை விளக்கலாமேயன்றிச் செவுளால் மீனை விளக்குதல் இவ்வூர்களில் தலைகீழ் முறையாகும்.

எல்லை மாறிய சொற்கள்

இரண்டாம் வகை கூடுதல் கருத்துக்குரியது. பிழை வெளித்தெரியாமல் நிகழும் இடம் இது. நிலத்தால் சூழப்பட்ட பெரிய நீர்ப்பரப்பு என்பது 'லேக்' என்னும் சொல்லுக்குச் சிறுவர் அகராதிகள் பொதுவாகத் தரும் விளக்கம். நன்னீர் என்னும் அடையையும் சில அகராதிகள் சேர்க்கின்றன. இவ்விளக்கத்தைக் கற்ற மாணவர், ஆங்கிலத்தில் 'புலிகாட் லேக்' என வழங்கும் தம் ஊர் நீர்ப்பரப்பை நோக்கினால் விளக்கம் பொருந்தாமை புலப்படும். ஆரணி, காளங்கி முதலிய ஆறுகளின் நீர் இதில் கலக்கிறது. ஸ்ரீஹரிகோட்டாத் தீவு இதனை வங்கக் கடலினின்று பிரிக்கிறது. முகத்துவாரத்தின் வழியே கடல்நீர் உட்புகுகிறது. மழைக்காலத்தில் உவர்ப்புக் குறைகிறது. கோடையில் கடல்நீரினும் மிகுகிறது. இத்தகைய நீர்ப்பரப்புக்கு நிலவியலார் வழங்கும் பெயர் 'லகூன்'. தமிழில் காயல், உப்பங்கழி என்பன அதற்கு நெருங்கியவை.

தமிழ்ப் பெயரிலும் இச்சிக்கல் உண்டு. வடதமிழகத்தில் ஏரி எனப்படுவது பெரும்பாலும் கரையும் மதகும் கலங்கலும் உடைய பாசன நீர்நிலை. மதுராந்தகம் ஏரியும் செம்பரம்பாக்கம் ஏரியும் அவ்வகையின. தென்மாவட்டங்கள் அதனைக் கண்மாய் என்னும். ஆங்கிலேயர் ஆட்சிக்கால ஆவணங்களோ அதனை 'டாங்க்' என்று எழுதின. இந்திய ஆங்கிலத்தில் அவ்வழக்கு இன்றும் நிலைத்துள்ளது. ஆனால் சிறுவர் அகராதியில் 'டாங்க்' என்பதற்கு நீரோ எண்ணெயோ சேமிக்கும் கலன், போர்க்கள ஊர்தி என்னும் பொருள்களே முன்னிற்கும். ஆக, தமிழில் 'ஏரி' என ஒரே பெயர் பெற்ற இருவகை நீர்நிலைகளுள் ஒன்று ஆங்கிலத்தில் 'லேக்' என்றும் மற்றொன்று 'டாங்க்' என்றும் வழங்க, அகராதியின் எளிய விளக்கம் இரண்டனுள் எதற்கும் முழுமையாகப் பொருந்தாமல் நிற்கிறது.

ஊரின் பெயரே மற்றொரு சான்று. 'சுண்ணாம்பு' என்பதன் ஆங்கிலப் பெயர் 'லைம்'. சிறுவர் அகராதிகள் பலவற்றில் இச்சொல்லுக்கு முதற்பொருளாகவோ ஒரே பொருளாகவோ இடம்பெறுவது பச்சைநிற எலுமிச்சை வகைக் கனி. பழவேற்காடு ஏரியின் அடியிற் படிந்த கிளிஞ்சல் ஓடுகள் சுண்ணாம்புக்காக எடுக்கப்பட்டவை. கட்டுமானத்துக்கும் வெற்றிலைக்கும் பயன்படும் சுண்ணாம்பு இம்மக்கள் நன்கறிந்த பொருள். அவர்களுக்கு முன்னிற்க வேண்டிய பொருள் அகராதியில் பின்தள்ளப்படுகிறது அல்லது விடுபடுகிறது. திண்ணைப்பள்ளிகளில் மனப்பாடம் செய்விக்கப்பட்ட சூடாமணி நிகண்டு, ஒருசொல் பல்பொருளுக்கெனத் தனித்தொகுதி வகுத்து இத்தகைய இடர்களை மாணவருக்கு முன்கூட்டியே உணர்த்தியது. இன்றைய சிறுவர் விளக்கங்கள் எளிமை கருதி ஒரு பொருளோடு நின்றுவிடுகின்றன.

'கட்டமரான்' என்னும் சொல்லின் நிலை இவற்றினும் தனித்தது. 'கட்டுமரம்' என்னும் தமிழ்ச்சொல் 17ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்திற் புகுந்தது. மரத்துண்டுகளைக் கயிற்றால் பிணைத்த மிதவையைக் குறித்த அச்சொல், பின்னர் இணையாக அமைந்த இரண்டு உடல்களையுடைய பாய்மரப் படகையும் விரைவுக் கப்பலையும் குறிப்பதாயிற்று. இன்றைய சிறுவர் அகராதி இப்பிற்காலப் பொருளையே தருகிறது. சோழமண்டலக் கரையின் சிறுவர், தம் மொழிச்சொல்லைத் தாம் அறியாத படகின் பெயராகக் கற்கிறார். சொல் அவருடையது என்பதை விளக்கம் கூறுவதில்லை. பழவேற்காட்டுத் துணிவாணிகத்தின் பயனாக இவ்வூர்ப் பெயரே ஒருவகை வண்ணக் கைக்குட்டைக்கு ஆங்கிலத்தில் பெயராக வழங்கியதும் இவ்வாறே மறக்கப்பட்டது.

பொருளும் பெயரும் அறியாத சொற்கள்

'ஸ்னோ', 'ஆட்டம்', 'கேஸில்' போன்றவை மூன்றாம் வகையின. விளக்கம் உண்மையிலேயே தேவைப்படும் இடம் இதுவே. 'பனி' எனத் தமிழில் ஒருசொல் பொருளாகத் தருவது இங்குப் போதாது. தமிழில் பனி என்பது புல்நுனியில் திரளும் நீரையும், மார்கழி விடியலின் மூட்டத்தையும், இமயத்தின் உறைபொருளையும் ஒருங்கே குறிக்கும். ஆங்கிலத்தில் அவை மூன்றும் வெவ்வேறு சொற்கள். ஒருசொல் பெயர்ப்பைப் பெற்ற மாணவர் மார்கழிக் காலையையே 'ஸ்னோ' எனக் கொள்வது அவருடைய அறியாமையால் அன்று; கிடைத்த விளக்கத்தை அவர் சரியாகவே பயன்படுத்தியுள்ளார்.

எனவே ஆங்கிலவழி விளக்கத்தை நீக்கித் தமிழ்ப் பெயர்ப்பை வைத்துவிட்டால் சிக்கல் தீரும் எனக் கொள்ள இயலாது. முதல்வகைச் சொற்களுக்குப் பெயர்ப்பு போதும். இரண்டாம் வகைக்குப் பெயர்ப்புடன் எல்லைக்குறிப்பும் வேண்டும். மூன்றாம் வகைக்குத் தொடர்மொழியும் படமும் வேண்டும். வீட்டில் தெலுங்கு பேசும் மாணவர் உள்ள வகுப்பில் தமிழ்ப் பெயர்ப்பும் ஒரு படிதான் என்பதையும் கருத வேண்டும். தமிழுக்கே தமிழால் பொருள் கூறும் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி 1992இல் வெளிவந்தபோது, பொருள் விளக்கத்துடன் எடுத்துக்காட்டுத் தொடர்களையும் தந்து சொல்லின் வழக்கெல்லையைக் காட்டியது. இளங்கற்போருக்கான ஆங்கில–தமிழ் விளக்கங்கள் அந்நெறியினின்று பெறத்தக்கது மிகுதி.

ஒரு தடையும் விடையும்

வட்டாரத்துக்கு ஏற்ப விளக்கம் அமைத்தால், மீனவச் சிறுவரை மீனவ உலகிலேயே நிறுத்திவைப்பதாகாதா எனத் தடை எழுப்பலாம். பொதுமொழி ஒன்றைக் கற்பதன் பயனே தன் ஊருக்கு அப்பாற்பட்டதை அறிவது என்பது அத்தடையின் வலிமை. ஊர்தோறும் வேறு விளக்கம் எழுதினால் பொதுத்தேர்வும் பொதுப் பாடநூலும் எவ்வாறு இயலும் என்பதும் எண்ணத்தக்கதே.

விளக்கத்தின் இலக்கும் அதன் தொடக்கமும் வேறு என்பது இதற்கு விடை. இலக்கு பொதுவானது, உறைபனியையும் கோட்டையையும் இம்மாணவரும் அறிய வேண்டும். தொடக்கம் மட்டுமே அவர் அறிந்ததிலிருந்து அமைய வேண்டும். இங்கிலாந்துச் சிறுவருக்கு எழுதப்பட்ட விளக்கமும் ஒரு வட்டாரத்தின் விளக்கமே. அவ்வட்டாரம் நூல்களில் மிகுதியாகப் பதிவுபெற்றமையால் பொதுவெனத் தோன்றுகிறது. பொதுப் பாடநூலை மாற்றாமலேயே, அதன் அருஞ்சொற்பொருளை ஒட்டி ஆசிரியர் எழுதிச்சேர்க்கும் ஒருவரி எல்லைக்குறிப்பு பெரும்பான்மை இடர்களைக் களையும்.

மாதிரி விளக்கங்கள்

மேற்கூறிய நெறிப்படி சில விளக்கங்களைப் பின்வருமாறு அமைக்கலாம்.

நெட்: வலை. சுத்து வலை, வீச்சு வலை அனைத்துக்கும் ஆங்கிலத்தில் இப்பொதுப்பெயர் உண்டு. வகையைக் குறிக்க முன்னால் ஓர் அடைமொழி சேரும்.

லேக்: நாற்புறமும் நிலம் சூழ்ந்த பெரிய நீர்ப்பரப்பு. பழவேற்காடு ஏரியும் இப்பெயரால் வழங்கும். ஆனால் அது முகத்துவாரத்தின் வழியே கடலோடு கலப்பதால் அறிவியலில் 'லகூன்' எனப்படும்.

லைம்: 1. சுண்ணாம்பு; கிளிஞ்சலையோ சுண்ணாம்புக் கல்லையோ சுட்டுப் பெறுவது. 2. எலுமிச்சை வகைக் கனி. எப்பொருள் என்பதைத் தொடரைக் கொண்டு அறிக.

கட்டமரான்: தமிழ்க் 'கட்டுமரம்' என்பதிலிருந்து ஆங்கிலம் பெற்ற சொல். அங்கு இன்று பெரும்பாலும் இரட்டை உடல் கொண்ட படகைக் குறிக்கிறது.

ஸ்னோ: கடுங்குளிர் நாடுகளில் மழைபோல் வானிலிருந்து விழும் வெண்ணிற உறைநீர்த் துகள். மார்கழிப் பனி இதுவன்று.

டர்ன்: ஒருவர் பின் ஒருவராகச் செய்யும் செயலில் ஒருவருக்கு உரிய முறை. ஏரியில் பாடு முறையில் ஒருவருக்கு வலையிட வரும் முறை போன்றது.

இறுதிச் சான்று தனியே கருதத்தக்கது. பழவேற்காடு ஏரியில் மீன்பிடி இடங்களைச் சுழல்முறையில் பகிர்ந்துகொள்ளும் வழக்கம் 'பாடு' எனப்படும். முறை, பங்கு, விதி, நடுவுநிலை ஆகிய கருத்துச்சொற்களை விளக்குதல் அகராதியாளருக்கு எப்போதும் கடினம். காட்டிச் சுட்டத்தக்க பொருள் அவற்றுக்கு இல்லை. பாடு முறையை அறிந்த மாணவருக்கு அக்கருத்துகள் அனைத்தும் நடைமுறையாகவே வாய்த்துள்ளன. அவ்வறிவை விளக்கத்தின் படியாகக் கொண்டால், பருப்பொருட் சொற்களைத் தாண்டிக் கருத்துச்சொற்களுக்குச் செல்லும் வழி இவ்வூர்ச் சிறுவருக்குப் பிறரினும் எளிதாகலாம்.

முடிவுரை

இளங்கற்போருக்கான எளிய விளக்கமுறை, கடினச் சொற்களின் வளையத்தை உடைத்த வகையில் பாராட்டுக்குரியது. அதன் எளிமை ஆங்கில நூல்வழக்கின் எண்ணிக்கையைச் சார்ந்தமையால், அந்நூல்களில் இடம்பெறாத உலகங்களில் அது மூன்று வகையாகப் பிறழ்கிறது: அறிந்த பொருளை அறியாத சொற்களால் மூடுகிறது, இருமொழிச் சொற்களின் எல்லை வேறுபாட்டைக் கூறாது விடுகிறது, உண்மையில் அறியாத பொருளுக்கோ ஏறிச்செல்லும் படியைத் தருவதில்லை. உணர்வோரின் ஆற்றலை வாயிலாகக் கொள்ளும் உரியியல் நெறி இம்மூன்றுக்கும் தீர்வு காட்டுகிறது. பழவேற்காட்டு ஏரிக்கரைப் பள்ளிகளின் ஆசிரியர் ஒவ்வொரு பாடத்தின் அருஞ்சொற்களையும் இம்மூவகையில் பகுத்து, இரண்டாம் வகைக்கு எல்லைக்குறிப்பும் மூன்றாம் வகைக்குத் தொடர்மொழியும் சேர்ப்பது உடனடியாகச் செய்யத்தக்க பணி. ஏரியின் மீன், வலை, நீர்நிலை, தொழில்முறை ஆகியவற்றின் வட்டாரச் சொற்களைத் தொகுத்து ஆங்கிலச் சொற்களோடு எல்லை காட்டி ஒப்பிடும் சிற்றகராதி ஒன்று அடுத்த கட்ட ஆய்வுக்குரியது.